திருச்சிக்கு ஒரு கேள்வி

அன்று மாலை செயற்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மூன்றாம் வகுப்பு அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேலே பச்சைத் துணி விரித்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம், கரும்பலகைக்கு முதுகு காட்டி, பள்ளியின் தலைவர் இராமசாமி. சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் அப்துல் மஜீது; ஜாலான் புசாரில் இரும்புச்சாமான் கடை, பூர்வீகம் பரங்கிப்பேட்டை. இடப்பக்கம் தலைமையாசிரியர் அழகப்பன். பெற்றோர் சார்பில் வந்த பூவம்மா, வாசலோரம் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மேசையின் கடைக்கோடியில், ஒரு முக்காலியில், கூட்டக் குறிப்பு எழுத ஆசிரியை கண்மணி.

ஆறாவதாக ஒரு நாற்காலியும் இருந்தது. போன வாரம் திருச்சியிலிருந்து வந்த புலவர் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலி. அதில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் உட்காரவில்லை. மஜீது மட்டும் தம் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். தலைவர் அதைப் பார்த்தார்.

கண்மணியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் பிறப்பால் சீனப் பெண். புலி வருஷத்தில் பிறக்கும் பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று சீனர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பிறந்து மூன்றாம் வாரமே கைமாறி வந்தவளை, தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்கும் ரத்தினம்மாவும் அவர் புருஷன் மாணிக்கமும் எடுத்து வளர்த்தார்கள். இந்த ஊரில் அந்தக் காலத்தில் இது அதிசயமான காரியம் அல்ல. தெருவுக்குத் தெரு ஒரு தமிழ் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உண்டு. கண்மணிக்குத் தெரிந்த தாய்மொழி தமிழ். சீன மொழியில் காய்கறி விலை கேட்கக்கூட அவளுக்கு வராது. சேலை, பின்னல், பொட்டு எல்லாம் இருக்கும். முகம் மட்டும் பெற்றவர்கள் கொடுத்தது.

அது 1961-ஆம் வருஷம். பள்ளிக்கு அரசாங்க உதவி கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நிரந்தர ஆசிரியர் பதவி ஒதுக்கியிருந்தார்கள். செயற்குழு ஒரு பெயரைச் சிபாரிசு செய்து, தலைவர் கையெழுத்தோடு அடுத்த புதன்கிழமைக்குள் கல்வி இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வருஷமாகத் தற்காலிகமாக வேலை பார்த்து, பயிற்சியும் முடித்துத் தேர்வும் தேறியிருந்தவள் கண்மணி ஒருத்திதான். போன கூட்டத்தில் அவள் பெயரை எல்லோரும் ஒப்புக்கொண்டும் ஆயிற்று. இன்றைக்குக் கையெழுத்துதான் பாக்கி என்று நினைத்து, கண்மணி சிபாரிசுக் கடிதத்தைச் சுத்தமாக எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த நியமன விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு பாக்கறேன்."

"ஏன், என்ன வந்துச்சு?" என்றார் மஜீது.

"ஒண்ணும் வரல பாய். புலவர் ஐயா வந்தார்ல, அன்னிக்கு…"

அன்றைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். புலவர் மாடிப்படி ஏறி வரும்போதே மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் செய்யுள் சொல்லும் சத்தம் கேட்டது. நடையிலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "என்ன உச்சரிப்பு! கடல் தாண்டி வந்து இப்படி ஒரு தமிழா! சொல்லிக் கொடுப்பது எந்த ஊர்ப் பெண்?" என்று கேட்டார். பிறகு உள்ளே வந்து கண்மணியைப் பார்த்தார். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடிக்கும்போது மட்டும், "ஊரில் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள்" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா, பொல்லாத சிரிப்பா என்று தலைவருக்கு இந்த ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

"நாளைக்கு அங்க ஒரு பத்திரிகையில எழுதிட்டார்னு வைங்க. 'சிங்கப்பூர்ல தமிழ் சொல்லிக் குடுக்கத் தமிழாளு இல்ல, சீனத்தியைப் பிடிச்சு வச்சிருக்காங்க'ன்னு. நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?"

கண்மணியின் பேனா நின்றது. பிறகு ஓடியது. "ஆசிரியையின் பிறப்புக் குறித்துத் தலைவர் ஐயம் தெரிவித்தார்" என்று எழுதினாள். கூட்டக் குறிப்பில் அப்படித்தான் எழுத முடியும்.

"பூவம்மா, நீங்க சொல்லுங்க. பெத்தவங்க என்ன பேசிக்கறாங்க?"

பூவம்மா பெஞ்சில் நெளிந்தார். "டீச்சர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. என் மவன் வீட்டுக்கு வந்து, 'அம்மா, நீ பேசறது தப்பு'ன்னு என்னையே திருத்தறான். ஆனா பாத்தா சீனத்தி, கேட்டா நம்மாளு. எனக்கே குழம்பிப் போவுது லா. அதான் டீச்சர்கிட்ட பேசறப்ப நான் கண்ணை மூடிக்குவேன்."

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கண்மணி பக்கம் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, உங்க அபிப்பிராயம்?"

"நான் என்னங்க சொல்றது… திறமையில குறை சொல்ல முடியாது. ஆனா சபைன்னு ஒண்ணு இருக்குல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

"முழுகிடும்," என்றார் மஜீது. "புதன்கிழமை தாண்டினா அந்தப் பதவியை வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவான். அதுக்கப்புறம் இந்தப் புள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லுங்க, சபையைச் சொல்லாதீங்க."

தலைவர் கையை உயர்த்தினார். "பாய், நான் நியாயமாத்தான் போறேன். வேணாம்னு சொல்லல. புலவர் ஐயாவுக்கே ஒரு கடிதம் போட்டுக் கேட்டுடுவோம். இந்த மாதிரி ஒரு பொண்ணைத் தமிழச்சின்னு எடுத்துக்கலாமா, கூடாதான்னு. அவரு படிச்சவரு. அவரு சரின்னா நமக்கும் சரி. எல்லாத்தையும் ஊர்ல கேட்டுத்தானே செய்யறோம்?"

அது உண்மை. அந்தப் பள்ளியில் பொங்கல் எந்த நேரத்தில் வைப்பது என்பதிலிருந்து, கொடியேற்றும்போது எந்தப் பாட்டு முதலில் பாடுவது என்பது வரை ஊருக்கு எழுதிக் கேட்டுத்தான் செய்வார்கள். பதில் வந்து சேருவதற்குள் பொங்கலே முடிந்து போயிருக்கும். இருந்தாலும் கேட்பார்கள். கேட்காமல் செய்தால் ஏதோ திருட்டுத்தனம் செய்த மாதிரி அவர்களுக்கு இருக்கும்.

மஜீது நாற்காலியில் சாய்ந்தார். "எங்க ஊர்ல கல்யாணம்னா என்ன சொல்வான் தெரியுமா தலைவரே? 'தமிழாளுங்களுக்கு இந்தப் பந்தி, துலுக்கமாருக்கு அந்தப் பந்தி'ம்பான். தமிழைத் தவிர வேற பாஷையே தெரியாத எங்க வாப்பா, தமிழாளு இல்ல. அதனால அந்தக் கடுதாசியில என்னையும் சேர்த்து எழுதிக் கேட்டுடுங்க. ஒரே தபால்ல போயிடும்."

"பாய், உங்களை யாரு என்ன சொன்னா?"

"சொல்லல. இன்னும் சொல்லல."

"சரி, விடுங்க. புதன்கிழமைக்குள்ள பதில் வந்தா கையெழுத்துப் போட்டுடறேன். வரலேன்னா நம்ம கையில என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, தலைவர் மேசையின் கடைக்கோடியைப் பார்த்தார். அவர் முகத்தில் வன்மம் இல்லை, களங்கம் இல்லை. கடையில் ஒரு முழத் துணியைக் கிழித்துக் கொடுக்கச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"கண்மணி, நீயே ஒரு நல்ல கடிதமா எழுதிடும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது."

கீழே தெருவில் ஒரு ரிக்சா மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"தலைவரே," என்றார் மஜீது மெல்ல, "யாரை எழுதச் சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"வேற யாரு எழுதறது பாய்? நமக்கெல்லாம் இவ்வளவு சுத்தமாத் தமிழ் வருமா? புலவருக்குப் போற கடிதம், தப்பு இருந்தா சிரிக்க மாட்டாரு?"

கண்மணி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிறகு பல தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கை பழகியிருந்தது. பெரியவர் ஒருவர் எழுதச் சொன்னால் எழுதி விடுகிற கை. அவர் சொன்னார்; அவள் எழுதினாள். "சீன வம்சத்தில் பிறந்து, தமிழரால் வளர்க்கப்பட்ட பெண்ணொருத்தியைத் தமிழர் என்று கொள்ளத் தகுமா, அவளிடம் நம் பிள்ளைகள் தமிழ் கற்பது முறையாகுமா என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்துமாறு…" ஒரு இடத்தில் தலைவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறியபோது, அவளே எடுத்துக் கொடுத்தாள். 'தெளிவுபடுத்துமாறு' என்ற வார்த்தை அவள் கொடுத்ததுதான்.

தலைவர் வாங்கிப் படித்தார். "பாத்தீங்களா, முத்து முத்தா!" என்று தலைமையாசிரியரிடம் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டு, "நாளைக்கே ஏர்மெயில்ல போட்டுடும்மா" என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சிபாரிசுக் கடிதம் பச்சைத் துணியின் மேல் கையெழுத்து இல்லாமலே கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள்.

படிக்கட்டில் மஜீது பின்னாலேயே வந்தார். "மகளே, என் கையெழுத்து செல்லும்னா இப்பவே போட்டிருப்பேன். தலைவர் கையெழுத்து இல்லாம இலாகா ஏத்துக்க மாட்டான்."

"தெரியும் மாமா."

"நீ ஏன் எழுதினே? பேனாவைத் தூக்கி எறிய வேண்டியதுதானே?"

அவள் மீதிப் படிகளை இறங்கினாள்.

கிளைவ் தெருவில் ஒரு கடைவீட்டு மாடி அறையில் தாயும் மகளும் குடியிருந்தார்கள். கண்மணி போனபோது ரத்தினம்மா மறுநாள் வியாபாரத்துக்கு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லம்மா." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவர் சொன்னது, பூவம்மா கண்ணை மூடிக்கொள்வது, மஜீது மாமா கேட்டது. பிறகு கடிதத்தை எடுத்துப் படித்தும் காட்டினாள். ரத்தினம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படிப்பதைக் கேட்டு ஒரு சொல்லும் தவறாமல் பிடித்துக்கொள்வார்.

"நல்லா இருக்கே. யாரு எழுதினது?"

கண்மணி கடிதத்தை மடித்தாள்.

"நீயா எழுதினே? உன் கையாலயா?"

"எழுதச் சொன்னாங்க."

"எழுதச் சொன்னா எழுதிடுவியா? நாளைக்கு உனக்கே ஒரு சாவோலை எழுதச் சொன்னாலும் முத்து முத்தா எழுதுவியோ?" ரத்தினம்மா எழுந்து நின்றார். மடியிலிருந்த காம்பெல்லாம் கொட்டின. "இந்த இராமசாமி யாரு? அவன் ஆத்தா என்கிட்டதானே மசாலா வாங்கும்! அவன் புள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?"

"இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல."

"வாத்தியாரு மவ?"

"அதுவும்தான்."

"அப்புறம் எவன் மானம் போவுது? அவனுங்க புள்ளைங்களுக்குத் தமிழ் வேணாம். ஊரான் புள்ளைங்களுக்கு நீ சொல்லிக் குடுத்தா மானம் போயிடுமோ!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் போனார். தெருமுனையைப் பார்த்தார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்திப் பேசினார். சத்தம் போடும்போது வராத பயம் அந்தத் தாழ்ந்த குரலில்தான் கண்மணிக்கு வந்தது.

"சப்பான்காரன் வந்தப்ப உனக்கு நாலு வயசு. சீன ஆளுங்களையெல்லாம் தெருவுல நிறுத்தி வச்சு லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். இந்தத் தெருமுனையில ஒருத்தன் என்னை நிறுத்தி, துப்பாக்கியால உன்னைக் காட்டி, 'இது என்னா?'ங்கற மாதிரி கேட்டான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. உன்னைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, 'எம் புள்ளை'ன்னேன். உன்னைப் பாத்தான். என்னைப் பாத்தான். போன்னுட்டான். உன் அப்பனைச் சயாம் ரெயில் பாதை போடப் புடிச்சுக்கிட்டுப் போனப்பகூட, உன்னை என் புள்ளையான்னு எவனும் எழுதிக் கேக்கல."

கண்மணி தரையில் சிந்தியிருந்த மிளகாய்க் காம்புகளைக் குனிந்து பொறுக்கினாள். முகத்தைக் காட்டாமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

"நான் போயி அவன் கடை வாசல்ல நின்னு கேக்கறேன்," என்றார் ரத்தினம்மா. "குழவிக்கல்லோட போறேன்."

"நீ போனா சண்டைன்னு சொல்லி முடிச்சிடுவாங்கம்மா. மார்க்கெட்டுக்காரி வந்து கத்திட்டுப் போனாள்னு சொல்லுவாங்க. என்னை எழுத வச்சுத்தானே கேட்டாங்க? நான் எழுதித்தான் சொல்லணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோழி கூவும்போதே எழுந்து குளித்து, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள் கண்மணி. முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டாள். அதில் அழுகை இருந்தது. இரண்டாவதில் ஆத்திரம் இருந்தது. ஆனால் எழுத்து கோணியிருந்தது. ஆத்திரப்பட்டு எழுதினாள், அதனால்தான் கோணல் என்று சொல்ல யாருக்கும் இடம் வைக்கக் கூடாது. மூன்றாவதை நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினாள்.

"பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு, கண்மணி எழுதிக்கொள்வது.

நேற்றுக் கூட்டத்தில் தாங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருச்சிக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். அதை எழுதியதே பிழை. சொன்னது தங்கள் பிழை, எழுதியது என் பிழை. என் பிழையை நான் இத்துடன் திருத்திக்கொள்கிறேன்.

புலவர் ஐயா என்னை ஒரு நாள், ஒரு நாழிகை பார்த்தவர். தாங்கள் என்னைப் பாவாடை கட்டிய நாள் முதல் அறிவீர்கள். தங்கள் கடையில்தான் என் முதல் தாவணி வாங்கினோம். நான் யார் என்பது தங்களுக்குத் தெரியவில்லை என்றால், கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்றால், ஏன் கேட்க வேண்டும்? நம் கால் இந்த மண்ணில் இருக்கிறது. பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். இங்கே நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

தங்கள் பிள்ளைகளைத் தாங்கள் எந்தப் பள்ளிக்கும் அனுப்பலாம். அது தங்கள் உரிமை. ஆனால் நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர்களுக்கு முன் நான் என்றைக்கும் என் முகத்தை மறைத்து நிற்கவில்லை. இனியும் மறைக்க மாட்டேன்.

சிபாரிசுக் கடிதமும் இத்துடன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை காத்திருப்பேன். அதில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மனம் வரவில்லையென்றால், 'நீ தமிழச்சி இல்லை' என்று தங்கள் கைப்பட ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். இன்னொருவரைக் கொண்டு எழுத வைக்க வேண்டாம். அந்த வரியை என் தாயாரிடம் நானே படித்துக் காட்டுகிறேன். பிறகு அவர் தங்களைக் கடையில் வந்து சந்திப்பார்.

இப்படிக்கு, மாணிக்கம் மகள் கண்மணி."

ரத்தினம்மா கடைசி வரியைத் திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "என் பேரைப் போடலியா?" என்றார்.

"'தாயார்'னு போட்டிருக்கேனே."

"தாயாருக்குப் பேரு இல்லியா?"

கண்மணி பேனாவை எடுத்து, 'மாணிக்கம்' என்பதற்குப் பிறகு 'ரத்தினம்மா' என்று சேர்த்தாள்.

தபால் ஆபீஸ் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். ரத்தினம்மாவின் தலையில் மார்க்கெட்டுக் கூடை இருந்தது. பதிவுத் தபால் பகுதியில் இருந்த சீன இளைஞன் கண்மணியின் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ கேட்டான். பொட்டைப் பார்த்து விழித்தான். உடனே ஆங்கிலத்துக்கு மாறி, "ரெஜிஸ்டரா?" என்று கேட்டான். அவளுக்கு இது தினமும் நடப்பது. மற்ற நாளில் சுருக்கென்று தைக்கும். இன்றைக்குத் தைக்கவில்லை. இவன் சந்தேகம் வந்ததும் அவளிடமே கேட்டுக்கொண்டான். அதற்காக யாருக்கும் கடிதம் போடவில்லை.

"சிராங்கூன் ரோடுதானே, நடந்தே குடுத்துடலாமே?" என்றான் அவன், விலாசத்தைப் படித்துவிட்டு.

"தபால்லதான் போகணும்," என்றாள் கண்மணி.

ரத்தினம்மா கூடையைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். "என்னாடி சொல்றான்? ஒழுங்கா போய்ச் சேருமா?"

"கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தாம்மா குடுப்பாங்க."

"அந்த இராமசாமி போடுவானா?"

"வாங்கிக்கிட்டதுக்காவது போட்டுத்தானே ஆகணும்."

இளைஞன் உறையின் மடிப்பில் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை வைத்து அழுத்தினான். அது இறுகும் வரை கண்மணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டான்.